நாலு மணிப் படகு

ஆடி 1, ஜூலை 17, வியாழன்

தெருவில் எல்லார் தேங்காயும் ஒழுங்காக வெந்துகொண்டிருந்தபோது நவநீதனின் தேங்காய் மட்டும் வெடித்தது. ஓசூரில் அவர்கள் வீட்டில் ஆடி முதல் நாள் தேங்காய் சுடும் வழக்கம் இல்லை. கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்து, உள்ளே வெல்லமும் பொட்டுக்கடலையும் எள்ளும் அடைத்து, குச்சியில் செருகித் தீயில் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் திருப்ப மறந்து தீயை வேடிக்கை பார்த்துவிட்டார். புதுச் சட்டை முழுக்க வெல்லப்பாகு.

"தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளைக்குத் திருஷ்டி கழிஞ்சது போங்க" என்றாள் எதிர்வீட்டுப் பத்மா அக்கா. அவர் முகம் காது வரை சிவந்துவிட்டது. நான் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

கல்யாணம் ஆகி ஆறு வாரம் ஆகிறது. ஆடி மாதம் புதுப்பெண் பிறந்த வீட்டில்தான் இருக்க வேண்டுமாம். மாமியாருக்கு அதில் பிடிவாதம் இல்லை. "இந்தக் காலத்துல யாரும்மா பாக்கறாங்க, உங்க இஷ்டம்" என்றார். அப்பாதான் விடவில்லை. தன் கம்ப்யூட்டரில் எங்கள் இருவர் ஜாதகத்தையும் போட்டு, "கோசாரம் சரியில்ல. செவ்வாய் நிக்கற எடம் நல்லால்ல. ஆடி முழுக்கப் பாப்பா இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். செவ்வாயே சொன்ன பிறகு யார் எதிர்த்துப் பேசுவது?

சாப்பாடு முடிந்ததும் நவநீதன், கொண்டு வந்திருந்த ஹார்ட் டிஸ்கிலிருந்து எங்கள் படகு விளையாட்டை அதே கம்ப்யூட்டரில் ஏற்றினார். அது ஏறி முடிவதற்குள் அப்பா வாசலில் நின்று, "மாப்ள, ஒன்றரைக்கு ராகு காலம். ஒண்ணு பத்துக்கு ஓசூர் வண்டி இருக்கு" என்றார். அப்பா பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க, வருக, போய் வா எல்லாமே அவருக்கு பஸ் நேரம்தான். நான் கல்யாணமாகிப் புறப்பட்ட அன்றும் மற்றவர்கள் அழுதுகொண்டிருக்க, அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மூன்றரை வண்டி போயிருக்கும். இனி நாலு மணிதான்" என்றார். நாங்கள் போனது காரில்.

ஓட்டிப் பார்க்க நேரமில்லாமல் நவநீதன் கிளம்பினார். "நாளைக்கு நாலு மணிக்குப் படகுல பார்க்கலாங்க" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

ஜூலை 18, வெள்ளி

நாலு மணி. விளையாட்டைத் திறந்தேன். ஆறு வந்தது, படகு வந்தது, பெயர் வந்தது. திரை கறுத்தது. எல்லாம் மறைந்துபோய் அப்பா வைத்திருக்கும் முருகன் படம் வந்தது. மறுபடி திறந்தேன். ஆறு, படகு, பெயர், கறுப்பு, முருகன்.

இந்த விளையாட்டைப் பற்றி எழுதிவைக்கிறேன், பின்னால் படித்தால் புரிய வேண்டும். ஒரு வட்டப் படகு, பரிசல் மாதிரி. அதில் இரண்டு பேர். ஒருவருக்கு இடது துடுப்பு, மற்றவருக்கு வலது. துறைக்குத் துறை மூட்டைகளைக் குறித்த நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒருவர் மட்டும் துடுப்புப் போட்டால் படகு நின்ற இடத்திலேயே சுற்றும். ஓசூரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவோம். இப்படித் தனித்தனி ஊரில் இருந்தால் இன்டர்நெட் வழியாக ஒரே படகில் ஏறிக்கொள்ளலாம்.

கல்யாணமான முதல் பத்து நாள் நாங்கள் "சாப்டீங்களா", "தூங்குனீங்களா" தாண்டிப் பேசியதில்லை. அவர் கூச்ச சுபாவம். நான் அதற்கும் மேலே. ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த விளையாட்டைக் காட்டினார். பாறையில் மோதப் போன வேகத்தில் நான் என்னை மறந்து, "டேய், இடது! இடது போடுடா!" என்று கத்திவிட்டேன். பிறகு வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் துடுப்பை விட்டுவிட்டுச் சிரித்தார். படகு மூழ்கியது. அன்று மாலை அவருடைய சின்ன வயதைப் பற்றி நிறையப் பேசினார்.

நல்ல விளையாட்டு. அதனால்தான் இங்கும் வேண்டும் என்றேன். வேறு காரணம் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

இன்றைய தொலைபேசி உரையாடல், முழுமையாக:

"சாப்டீங்களா?"

"ம். நீங்க?"

"ஆச்சு. மழையா அங்க?"

"இல்ல. அங்க?"

"இல்ல."

சமையலறையிலிருந்து அம்மா: "என்ன சாப்டாராம்? ஓட்டல்லயா? ரசம் வெக்கத் தெரியுமான்னு கேளு!"

இந்த வீடு இரண்டு அறை, ஒரு கூடம். எங்கே நின்று பேசினாலும் அது பொதுக்கூட்டம். குறுஞ்செய்தி அனுப்பலாம்தான். ஆனால் நான் பிழைதிருத்துபவள், வீட்டிலிருந்தே பதிப்பகங்களுக்குப் பார்த்துக்கொடுக்கிறேன். எழுதியதைத் திருத்தாமல் அனுப்ப வராது. திருத்தி முடித்தால் "சரிங்க" மட்டும்தான் மிஞ்சுகிறது.

படகில் அப்படி இல்லை. இடது, வலது என்று கத்துவதை யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். நடுவில் என்ன சொன்னாலும் அதோடு போய்விடும்.

ஜூலை 21, திங்கள்

ஆறு, படகு, பெயர், கறுப்பு, முருகன்.

ஜூலை 23, புதன்

நவநீதனுக்கு முதல் ஷிஃப்ட் என்பதால் மூன்றரைக்கெல்லாம் வீடு திரும்பிவிடுகிறார். நாலு மணிக்கு அழைத்து வைத்தியம் சொல்கிறார். அந்தக் கம்ப்யூட்டரை அப்பா இன்டர்நெட் பக்கமே விடுவதில்லை. நான்தான் நாலு மணிக்கு என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுக்கிறேன்.

முந்தாநாள் ஆன்டி வைரஸை அணைத்துப் பார்த்தேன். நேற்று திரைக்கான டிரைவரை அவர் எனக்கு அனுப்பி, நான் போனிலிருந்து கேபிள் போட்டு ஏற்றினேன். இன்று விளையாட்டை அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினேன். ஏறிக்கொண்டிருக்கும்போது அம்மா மிக்ஸியைப் போட, கரண்ட் ஒரு நொடி போய் வந்தது. மறுபடி முதலிலிருந்து.

"சட்னி அரைக்கறதா வேணாமா இந்த வீட்டுல?" என்றாள் அம்மா.

"ஒரு பத்து நிமிஷம்மா."

"உங்கப்பா ஜாதகம் பாக்கறப்போ மிக்ஸி போடக்கூடாது. நீ கப்பல் ஓட்டறப்போ மிக்ஸி போடக்கூடாது. அம்மிக்கல்லு வாங்கிக் குடுங்க, அப்பனும் மகளுமா."

மாலையில் அப்பா தன் நாற்காலியைத் திரும்பக் கேட்டார். பத்மா அக்கா தன் தங்கை மகளுக்கு வந்த வரன் ஜாதகத்தோடு காத்திருந்தாள். அப்பா யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. அவர்கள் வந்து உட்கார்ந்து, அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, "சுக்கிரன் பாருங்க, எங்க ஒக்காந்திருக்கான்னு" என்று சொல்லும் அந்த அரைமணி நேரம் போதும் அவருக்கு. ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கு ஆள் வருவது அதனால்தான்.

படிக்கக் கொண்டுவந்த தடித்த நாவலில் புத்தகக்குறி நகரவே இல்லை. நல்ல நாவல்தான்.

ஜூலை 25, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டோம். கண்டுபிடித்தது நான்.

விளையாட்டு எங்கே நிற்கிறது என்பதை அதுவே ஒரு கோப்பில் எழுதி வைக்குமாம். நவநீதன் சொல்லச் சொல்லத் தேடித் திறந்தேன். வரி வரியாக ஆங்கிலமும் எண்களும். "கடைசி இருபது வரிய மட்டும் படிங்க" என்றார். படித்தேன். நடுவில் நிறுத்தி, "இதுல ஒரு அச்சுப்பிழை இருக்குங்க" என்றேன்.

"என்னது?"

"ஒவ்வொரு வரி முன்னாடியும் தேதி போட்டிருக்கு. ஜூலை 25 சரி. நாலு மணி சரி. வருஷம் மட்டும் 2022ன்னு இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, தேங்காய் வெடித்த மாதிரி. "வானு! அது அச்சுப்பிழை இல்ல. உங்கப்பா கம்ப்யூட்டர் இன்னும் 2022லயே இருக்கு!"

என் பெயரைச் சுருக்கி வானு என்று கூப்பிட்டார். அது ஒருபுறம் இருக்கட்டும்.

விளையாட்டு தொடங்கும்போது தன் தலைமையகத்தைத் தொடர்புகொண்டு சான்றிதழைச் சரிபார்க்குமாம். போன மாதம் கொடுத்த சான்றிதழை மூன்று வருடம் முந்தைய கம்ப்யூட்டரிடம் காட்டினால், 'இது இன்னும் பிறக்கவே இல்லையே' என்று மறுத்துவிடும். திரையின் மூலையில் மணி மட்டும்தான் தெரியும், அது வினாடி பிசகாமல் சரியாக இருந்தது. டைம் கீப்பர் வீட்டுக் கடிகாரத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

அம்மாவிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். அவள் மறைக்கவே இல்லை. ஜாதக மென்பொருளுக்கு அப்பா சந்தா கட்டியது ஒரே ஒரு வருடம்தான். அது முடிந்ததும் திறக்க மறுத்தது. டெப்போ நண்பர் யாரோ வழி சொன்னாராம். அதிலிருந்து ஒவ்வொரு சித்திரை ஒன்றாம் தேதியும், ஊரெல்லாம் புது வருடத்துக்குப் போக, அப்பா குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கம்ப்யூட்டரை ஒரு வருடம் பின்னால் தள்ளிவிடுவார். அதில் இன்னும் சுபகிருது வருடம்தான் நடந்துகொண்டிருக்கிறது.

நான் மென்பொருளைத் திறந்து பார்த்தேன். எங்கள் இருவர் ஜாதகமும் இருந்தன. மேலே 'இன்றைய கோசாரம்' என்று, கிரகங்கள் இப்போது நிற்கும் இடங்கள் இருந்தன. அதன் கீழே: சுபகிருது வருடம், ஆடி மாதம்.

நல்லால்லாத இடத்தில் நின்ற செவ்வாய் மூன்று வருடம் முந்தைய செவ்வாய். அந்த ஆடியில் நான் எம்.ஏ. முடித்துவிட்டு இதே வீட்டில் இதே நாற்காலியில் இருந்தேன். அப்போதே பிரிந்துதான் இருந்தோம். யாரென்றே தெரியாமல்.

அப்படியே மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 26, சனி

ஓடுகிறது!

நாலு மணிக்கு வருடத்தை 2025 ஆக்கினேன். ஆறு, படகு, பெயர், கறுப்பு, அப்புறம் துறை! அங்கே மஞ்சள் தலைப்பாகையோடு இடது துடுப்பு காத்திருந்தது.

"வந்துட்டியா?" என்றார் காதுக்குள்.

"வந்துட்டேன்டா."

முதல் வளைவிலேயே பாறையில் மோதினோம். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக யாரும் மூழ்கியிருக்க மாட்டார்கள்.

முடிந்ததும் வருடத்தை 2022க்கே திருப்பி வைத்தேன். நாலிலிருந்து ஐந்து வரை கல்யாணம் ஆனவள். மற்ற நேரம் ஆகாதவள்.

கோசாரத்தைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாமியாருக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரிந்தால் அப்பாவைக் கேலி செய்வார்கள். சொல்லாவிட்டால் ஆகஸ்ட் நடுவில் ஆடி முடியும்வரை இங்கேதான். ஒரு மணி நேரப் படகு போதும் என்று வைத்துக்கொள்வோம்.

ஜூலை 29, செவ்வாய்

அப்பா பின்னால் வந்து நின்றார்.

"செவ்வாக்கெழம நாலரை வரைக்கும் ராகு காலம். இப்ப ஏன் படகை எடுத்த?"

"விளையாட்டுப்பா."

"விளையாட்டுன்னா ராகு லீவா?"

ஆனாலும் போகவில்லை. டீயைக் குடித்துக்கொண்டே பார்த்தார். மூன்றாம் துறையில் மூட்டையை இறக்கியதும், "ரெண்டு நிமிஷம் லேட்டு" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். "மேல எழுதியிருக்கே, வந்து சேர வேண்டிய நேரம்னு. அந்த வளைவுலதான் விட்டீங்க. எடது கையில யாரு, மாப்ளயா? ரொம்ப அவசரப்படறார். டெப்போல இவரு மாதிரி ஒரு டிரைவர் இருந்தான். எப்பவும் முன்னாடியே போயி, ஆள ஏத்தாம வந்துருவான்."

காதுக்குள் நவநீதன், "மாமா என்ன சொல்றார்?" என்றார்.

"உன்ன சஸ்பெண்ட் பண்ணச் சொல்றார்."

சொன்ன பிறகுதான் உறைத்தது, அப்பா முன்னால் 'உன்ன' என்று சொல்லிவிட்டேன் என்று. அப்பா டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 31, வியாழன்

வருடத்தைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன்.

படகு ஐந்தாம் துறையைத் தொட்ட மகிழ்ச்சி. நேராக எழுந்து போய்ப் பூப்பறித்துக்கொண்டிருந்தேன். பத்மா அக்காவின் குரல் கேட்டது: "என்னண்ணா, சந்தா முடிஞ்சிருச்சின்னு வருது?"

ஓடினேன். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மவுஸை நகர்த்தித் திரையின் மூலைக்குப் போனார். வருடத்தைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கம்ப்யூட்டரு இன்னிக்குச் சரியில்ல பத்மா. நாளைக்கி வா."

அவள் போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் கையில் பூவோடு நின்றேன். நான் வருடத்தைப் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வருடத்தைப் பார்த்தவள் கோசாரத்தையும் பார்த்திருப்பாள் என்பதும் தெரிந்திருக்கும்.

"பூ வாடிரும், தண்ணி தெளி" என்றார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நாலு மணிக்கு நான் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. நாவலை விரித்து வைத்துக்கொண்டு அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் இரண்டு முறை அடித்தது.

"பாப்பா." உள்ளேயிருந்து அப்பா. "நாலாயிருச்சு. லேட் பண்ணாத."

போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் திறந்து தயாராக இருந்தது. வருடம் 2025. அவரே மாற்றி வைத்திருந்தார். நாற்காலியில் இன்னும் சூடு இருந்தது.

இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. நானும் அப்பாவும் ஒரே சுபாவம் என்று அம்மா சொல்வது சரிதான்.

ஆடி 18, ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டு. அம்மா எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் எல்லாம் கிளறிக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் துருவிக்கொடுத்தேன்.

"ஏன்டி, கேக்க வேண்டியதுதானே அவர?"

"என்னத்த?"

"கோசாரத்த. மூணு வருஷப் பழசுன்னு உனக்குத் தெரியும்ல?"

விரலையும் சேர்த்துத் துருவியிருப்பேன். "அப்பா கவனிக்காம விட்டிருப்பார்மா. மனசு கஷ்டப்படும்."

அம்மா கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். "யாரு, உங்கப்பாவா? டெப்போல அத்தன வருஷம் நிமிஷம் நிமிஷமா எழுதினவரு. தெனமும் விடிஞ்சதும் காலண்டர்ல தேதி கிழிக்கறவரு. அவருக்கு இது எந்த வருஷம்னு தெரியாதாக்கும்! மத்தவங்களுக்குக் கோசாரம் சொல்றப்போ பஞ்சாங்கத்தப் பாத்து கையால போட்டுத்தான் சொல்வாரு. உனக்கு மட்டும் கம்ப்யூட்டர் சொன்னத அப்படியே படிச்சாரு." தயிரை ஊற்றிக் கிளறினாள். "நீ கல்யாணமாகிப் போன மறுநாளே காலண்டர எடுத்து ஆடி எப்பன்னு புரட்டிட்டு இருந்தாரு. என்னாத்துக்குன்னு கேட்டேன். மழை எப்பன்னு பாக்கறேன்னாரு."

துருவின தேங்காயைக் கீழே சிந்திவிட்டேன். பொறுக்கிக்கொண்டிருந்ததால் முகம் காட்ட வேண்டியிருக்கவில்லை.

சாப்பிடும்போது அப்பா மூன்று சாதத்தையும் முடித்து, மோர் குடித்து, கை கழுவிவிட்டு வந்து நின்றார்.

"கோசாரத்த மறுபடி போட்டுப் பாத்தேன், கையால. ஒண்ணும் கெடுதல் இல்ல. நல்லாவே இருக்கு." துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார். "ஓசூருக்கு நாளைக்கி ரெண்டே காலுக்கு ஒரு வண்டி. பொறப்படற எடத்துலயே ஏறினா ஜன்னல் சீட்டு கிடைக்கும்."

"ஆடி முடியலையேப்பா" என்றேன்.

"அதான் பதினெட்டு ஆயிருச்சே. பாதிக்கு மேல போனா முழுக் கணக்குதான்."

அப்படி எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. நான் தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கிளம்புமுன், அப்பாவுக்கு ஜாதகம் பார்க்க வேண்டுமே என்று வருடத்தை 2022க்குத் திருப்பப் போனேன். "இருக்கட்டும் விடு. அந்தப் படகையும் அழிச்சுராத" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் ஜன்னலுக்குக் கீழே நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு பதினேழு. எடுக்க மாட்டேங்கறான்" என்றார், டிரைவர் மீது கோபம் போல. எடுத்ததும் பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார், டெப்போவில் தட்டுகிற மாதிரி.

ஓசூரில் இறங்கினால் நவநீதன் நிற்கிறார். ஒருவருக்கொருவர் என்ன சொல்வது என்று தெரியவில்லை. "சாப்டீங்களா?" என்றார். நான் சிரித்ததில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

நாவலில் நூறு பக்கம் தாண்டிவிட்டேன். இங்கே நல்ல வெளிச்சம்.

மாலை, நாலு மணிக்குச் சற்று முன்பு போன் வந்தது. அப்பாவாக அழைப்பது அபூர்வம்.

"பாப்பா, அந்தப் படகு கெளம்ப மாட்டேங்குது."

"எந்தப் படகுப்பா?"

"எந்தப் படகா? அதான். உங்கம்மா போன்லருந்து ஹாட்ஸ்பாட்டும் போட்டாச்சு. ஆறு வருது, படகு வருது, கறுப்பாயிருது. அப்புறம் முருகன் வந்துர்றாரு."

பின்னாலிருந்து அம்மா: "மத்தியானத்துலருந்து அதையேதான் தட்டிட்டு இருக்காரு! மிக்ஸி போட விடல!"

நவநீதன் பரபரப்பாக, "டிரைவரை மறுபடி ஏத்தச் சொல்லு. ஆன்டி வைரஸ்..." என்று ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"அப்பா, இது எந்த வருஷம்?"

"காலைல பத்மாவோட தங்கச்சி பொண்ணுக்குப் பொருத்தம் பாத்தேன்" என்றார்.

"மாத்துங்க."

தட்டுகிற சத்தம் கேட்டது. நவநீதன் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுக் காபி போடப் போனார். வலது துடுப்பை எடுத்துக்கொண்டு அவசரமாகத் துறைக்கு வந்தேன். அங்கே வெள்ளைத் தலைப்பாகையோடு இடது துடுப்பு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம் லேட்டு" என்றார் அப்பா. "சரி, ஏறு."